எலியை நம்பாதே: ஹாரி பாட்டரை மறுபடி படித்தபோது அகப்பட்டவை

ஒருவர் கேட்டது: "ஏழு பாகமும் ஒரு தடவை படித்து முடித்தாயிற்று. மறுபடி படித்தால் புதிதாக ஏதாவது தெரியுமா, இல்லை நேரம்தான் வீணா? முதல் தடவை கண்ணில் படாமல் போய், இரண்டாம் தடவை 'அடப்பாவி' என்று சொல்ல வைத்த இடம் உங்களுக்கு எது?"

அக்டோபர் 5, ஞாயிறு இரவு

எனக்கு அந்தப் பம்பரம். (ஏழு பாகமும் முடிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.)

மூன்றாம் பாகம், முதல் அத்தியாயம். எகிப்துக்குப் போன நண்பன் ரான், ஹாரியின் பிறந்தநாளுக்கு ஒரு சின்னக் கண்ணாடிப் பம்பரம் அனுப்புவான். ஸ்னீக்கோஸ்கோப் என்று பெயர். பக்கத்தில் நம்பத்தகாத ஆள் இருந்தால் தானாகச் சுற்றி ஒளி விடும். கூடவே கடிதத்தில், இது சுற்றுலா வந்தவன் தலையில் கட்டுகிற குப்பை என்று அண்ணன் பில் சொல்கிறான், நேற்று ராத்திரி சாப்பிடும்போது சும்மா சும்மா எரிந்தது, ஆனால் இன்னும் இரண்டு அண்ணன்களான இரட்டையர்கள் அவனுடைய சூப்பில் வண்டைப் போட்டது அவனுக்குத் தெரியாது என்று எழுதியிருப்பான். நாமும் சிரித்துவிட்டு அடுத்த பரிசைப் பிரிக்கப் போய்விடுகிறோம்.

இப்போது அந்தச் சாப்பாட்டு மேசையை மறுபடி பாருங்கள். ரானின் எலி ஸ்கேபர்ஸும் எகிப்துக்குப் போயிருக்கிறது. அதே கடிதத்தோடு வந்த செய்தித்தாள் படத்தில் ரானின் தோளில் உட்கார்ந்திருப்பது அதுதான். உண்மையில் அது 12 வருடமாக எலி உருவில் ஒளிந்திருக்கிற பீட்டர் பெட்டிக்ரூ, ஹாரியின் அப்பா அம்மாவைக் காட்டிக்கொடுத்த ஆள். பம்பரம் வண்டுக்காக மட்டுமா எரிந்தது?

இதோடு விட்டிருந்தால் தற்செயல் என்று சொல்லிவிடலாம். ரயிலில் போகும்போது அதே பம்பரம் பெட்டிக்குள் கிடந்து விசிலடிக்கும். ரான் சொல்வான், இது மட்டமான சரக்கு, ஆந்தையின் காலில் கட்டும்போதே பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது என்று. அந்த ஆந்தையை எடுக்க அவனுக்கு அனுமதி கிடையாது, அதனால் சுற்றியிருக்கும் என்று அங்கேயும் ஒரு சமாதானம். பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கிற புது வாத்தியார் விழித்துவிடுவார் என்று அதை ஹாரியின் பெரியப்பாவுடைய கேவலமான பழைய காலுறைக்குள் திணித்து வைப்பார்கள். பிறகு கிறிஸ்துமஸ் காலையில் தோழி ஹெர்மயனியின் பூனை எலியின் மேல் பாய, ரான் பூனையை உதைக்கப் போய்ப் பெட்டியை உதைக்க, காலுறையிலிருந்து பம்பரம் உருண்டு வந்து தரையில் கிடந்து கத்தும். எலி அவன் கையில் இருக்கிறது!

மூன்று தடவை உண்மை சொன்ன ஒரே ஆளைக் காலுறையில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து மூடியிருக்கிறேன்.

அக்டோபர் 6

நேற்று ஒன்றை மறைத்துவிட்டேன். எனக்கு அந்த எலி விஷயம் முதல் தடவையே தெரிந்திருக்க வேண்டும்.

2002-இல், பதினோராம் வகுப்பில், மூன்றாம் பாகத்தை மயிலாப்பூரில் ஒரு வாடகை நூலகத்தில் எடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம், இப்போது இல்லை. பழைய ஓட்டு வீடு, முன்னறை முழுக்க அலமாரி, பின்பக்கம் அவர்கள் சமையலறை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால் "எலியை நம்பாதே" என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடையில் எலித் தொல்லை உண்டு, சில புத்தகங்களின் மூலை கடிபட்டிருக்கும். கடைக்காரர்தான் யாருக்கோ எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, படிக்கும்போதெல்லாம் புத்தகத்தைத் தரையில் வைக்காமல் கட்டில்மேல் வைத்தேன்.

கடைசி அத்தியாயங்கள் வந்தபோது முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபப்படுவதா, சிரிப்பதா தெரியவில்லை. எழுதிய பாவி யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 8, குரோம்பேட்டை முதல் கடற்கரை வரை, நின்றுகொண்டே

முதல் பாகத்தைத் திரும்பப் புரட்டுகிறேன்.

முதல் அத்தியாயத்திலேயே ராட்சத உருவ ஹாக்ரிட் குழந்தை ஹாரியைக் கொண்டுவருகிற மோட்டார் சைக்கிள் யாருடையது? சிரியஸ் பிளாக் கொடுத்தான் என்று போகிற போக்கில் சொல்வான். 1997-இல் முதல் பாகத்தில் வந்த பெயர், ஹாரியின் ஞானத்தந்தையாக அந்த ஆள் வருவது 1999-இல், மூன்றாம் பாகத்தில்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் இரட்டையர்கள் பனி உருண்டைகளுக்கு மந்திரம் போட்டு விடுவார்கள், அவை குவிரல் வாத்தியாரைத் துரத்தித் துரத்தி அவர் தலைப்பாகையின் பின்பக்கத்தில் மோதும். அந்தத் தலைப்பாகைக்குப் பின்னால் யாருடைய முகம் இருக்கிறது என்று யோசியுங்கள். உலகமே பெயர் சொல்லப் பயப்படுகிற வால்டமோர்ட்டின் மூஞ்சியில் இரண்டு பையன்கள் பனி உருண்டை அடித்திருக்கிறார்கள், அதுவும் அடிப்பது யாரை என்று தெரியாமலேயே!

கிண்டியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மா நகர்ந்து நின்றுகொண்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இப்போது ஒரு கருத்து உருவாகிறது, சொல்லிப் பார்க்கிறேன். இந்தக் கதையில் எங்கெல்லாம் சிரிப்பு வருகிறதோ அங்கெல்லாம் அடியில் ஏதோ புதைத்து வைத்திருக்கிறார்கள்.

நான்காம் பாகத்தில் பள்ளியின் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் தன் தம்பி அபர்ஃபோர்த்தைப் பற்றி ஒரு கதை சொல்வார், ஆட்டின் மேல் ஏடாகூடமான மந்திரம் போட்டு வழக்கில் மாட்டினான், பேப்பரில் எல்லாம் வந்தது என்று. சிரிப்போம். ஐந்தாம் பாகத்தில் பிள்ளைகள் ஒரு அழுக்கான சாராயக் கடைக்குப் போவார்கள், அங்கே ஆட்டு வாடை மாதிரி ஒன்று அடிக்கும், கடைக்காரக் கிழவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று ஹாரிக்குத் தோன்றும். அவ்வளவுதான். ஏழாம் பாகத்தில்தான் அவர் இன்னார் என்று தெரியும். ஆடு, வாடை, முகச்சாயல், மூன்றையும் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார் ஆசிரியர்.

அதே நான்காம் பாகத்தில், ரகசியம் எல்லாம் எப்படிப் பத்திரிகைக்குப் போகிறது என்று ஹெர்மயனி மண்டையை உடைத்துக்கொள்வாள். ஹாக்ரிட் தன் பிறப்பு ரகசியத்தைச் சொல்லும்போது பக்கத்துச் சிலையில் ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருக்கும். ஏரிப் போட்டி முடிந்ததும் க்ரம் அவளிடம், உன் தலையில் வண்டு இருக்கிறது என்பான். காதல் சொல்ல வந்தவன் வண்டைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிப்போம். அந்த வண்டுதான் நிருபர் ரீட்டா ஸ்கீட்டர்.

இன்னொன்று. அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது, இப்போதுதான் மூன்றாம் பாகம். ஞாயிறு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவாள், அந்த வாரம் படித்ததை என் அம்மாவுக்குத் தமிழில் கதையாகச் சொல்வாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, கதைப் பைத்தியம் மட்டும் உண்டு. இன்று மதியம் எலிக்கு உடம்பு சரியில்லை, கடைக்காரி பார்த்துவிட்டு இந்த ஜாதி எலி மூன்று வருஷத்துக்கு மேல் இருக்காதே என்கிறாள் என்ற இடம் வரைக்கும் சொன்னாள். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, "இவங்க வீட்ல எத்தனை வருஷமா இருக்கு?" என்றார்.

"ரொம்ப வருஷமா இருக்கு ஆயா. அண்ணன்கிட்ட இருந்து இவனுக்கு வந்துச்சு."

"அப்ப அது எலி இல்ல."

அவ்வளவுதான். கீரையை அலசப் போய்விட்டார். நானும் ஏழு பாகத்தை எத்தனை தடவை படித்திருப்பேன்!

அக்டோபர் 13

மேலே சொன்ன கருத்துக்கு இன்னும் ஒரு ஆதாரம், இது பிரமாதம்.

மூன்றாம் பாகத்துக் கிறிஸ்துமஸ் விருந்து. பள்ளியில் தங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான், மேசையில் 12 பேர். ஜோசியம் சொல்கிற ட்ரிலானி வந்து, ஐயோ நான் உட்கார்ந்தால் 13 ஆகிவிடும், 13 பேர் சேர்ந்து சாப்பிட்டால் முதலில் எழுந்திருப்பவர்தான் முதலில் சாவார் என்று பதறுவாள். எல்லோரும் கேலி செய்வார்கள். கடைசியில் ஹாரியும் ரானும் ஒன்றாக எழுந்திருப்பார்கள், யார் முதலில் என்று அவள் அலறுவாள், வெளியே கோடாலியோடு எவனாவது நிற்காத வரைக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வாத்தியாரம்மா மெக்கோனகல் மட்டம் தட்டுவார்.

ஆனால் ரானின் பையில்தான் எலி இருக்கிறதே! அப்படியானால் ட்ரிலானி வருவதற்கு முன்பே மேசையில் 13 பேர். அவளை வரவேற்க முதலில் எழுந்தது யார்? டம்பிள்டோர். அந்த மேசையில் இருந்தவர்களில் முதலில் சாவதும் அவர்தான், ஆறாம் பாகத்தில்.

எனக்கு ரோமம் சிலிர்த்தது.

அக்டோபர் 14

சிலிர்த்த ரோமத்தைப் படுக்க வைக்கிறேன். ஒருவர் கேட்டார், எலி பையில் இருந்தது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று. தேடினேன். காலையில் படுக்கையறையில் எலி ரானிடம் இருக்கிறது, அது உண்மை. விருந்துக் காட்சியில் எலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பான் என்பது ரசிகர்கள் காலம் காலமாகச் சொல்லிச் சொல்லி, நானும் கேட்டுக் கேட்டு, புத்தகத்திலேயே படித்த மாதிரி மனதில் ஒட்டிக்கொண்டது.

டம்பிள்டோர் எழுந்து நிற்பது மட்டும் அச்சில் இருக்கிறது. பூனை அன்று காலைதான் பாய்ந்தது என்பதால் ரான் எலியைத் தனியாக விட்டிருக்க மாட்டான் என்று வாதாடலாம். வாதாடுகிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு, நாளை தீபாவளி

வீடு ஒழிக்கிற வேலை. பரணில் ஏறியது நான், கீழே நின்று ஏவியது அம்மா. மூடி இல்லாத பிரஷர் குக்கர், பாத்திரம் இல்லாத மூடி, அப்பாவின் ரேடியோ, யாருடையது என்றே தெரியாத ஒரு தொட்டில் கம்பு. எதையாவது தூக்கிப் போடலாம் என்றால், "இருக்கட்டும், ஒரு நேரத்துக்கு ஆவும்" என்பதே பதில்.

தும்மிக்கொண்டே யோசித்தேன். நாம் விதைத்தார், புதைத்தார் என்று பேசிக்கொண்டிருக்கிறோமே, எழுத்தாளர்கள் வேலை செய்கிற முறை பரண் முறையாக இருந்தால்? இரண்டாம் பாகத்தில் ஹாரி தவறுதலாக ஒரு மோசமான கடைக்குள் விழுந்துவிடுவான். அங்கே பெரிய கறுப்பு அலமாரி ஒன்றுக்குள் ஒளிவான். பள்ளியில் ஹாரிக்கு எதிரியான மால்ஃபாய் பையன் அங்கே ஒரு நெக்லஸைப் பார்ப்பான், அணிந்த 19 பேரைக் காவு வாங்கியது என்று அட்டை தொங்கும். காட்சி முடிந்தது, கடை மறந்துபோயிற்று. அதே பாகத்தில் பள்ளிக்கூடத்தில் இன்னொரு அலமாரியைப் பேய் ஒன்று மாடியிலிருந்து போட்டு உடைக்கும், ஹாரியை ஒரு தண்டனையிலிருந்து தப்புவிக்க. ஐந்தாம் பாகத்தில் இரட்டையர்கள் ஒரு பையனை அதற்குள் தள்ளுவார்கள், அவன் நாள் கணக்கில் காணாமல் போவான். ஆறாம் பாகத்தில் மால்ஃபாய் அதைப் பழுது பார்த்து, கடையிலிருக்கிற அலமாரி வழியாக எதிரிகளை நேராகப் பள்ளிக்குள் கொண்டுவந்துவிடுகிறான். அந்த நெக்லஸும் ஆறாம் பாகத்தில் வந்து ஒரு பெண்ணைப் படுக்க வைக்கிறது.

இரண்டாம் பாகம் 1998, ஆறாம் பாகம் 2005. ஏழு வருடத்துக்கு முன்பே இதை எல்லாம் முடிவு செய்துதான் அந்த அலமாரியை வைத்தாரா, இல்லை ஆறாவது எழுத உட்கார்ந்தபோது பள்ளிக்குள் ஆள் நுழைய வழி வேண்டுமே என்று தன் பரணில் ஏறிப் பார்த்தாரா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. அது திறமைக் குறைவு இல்லை. பரணில் சாமான் போட்டு வைப்பதும் ஒரு திறமை, ஏறி எடுக்கும்போது அது அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

அந்தப் பள்ளியில் வேண்டாத சாமான் எல்லாம் போட்டு வைக்கிற அறை ஒன்று இருக்கிறது, அது முழுக்க முழுக்கப் பரண்தான். ஆறாம் பாகத்தில் ஹாரி ஒரு புத்தகத்தை அங்கே ஒளித்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு அசிங்கமான கிழவன் சிலையை எடுத்து வைத்து, அதன் தலையில் பழைய டோப்பாவையும் கறுத்துப்போன ஒரு சின்னக் கிரீடத்தையும் மாட்டிவிட்டு ஓடுவான். வால்டமோர்ட் தன் உயிரின் ஒரு துண்டை ஒளித்து வைத்த, அடுத்த பாகத்தின் கடைசியில் ஹாரி தலைதெறிக்கத் தேடுகிற பொருள் அந்தக் கிரீடம். கையில் எடுத்து டோப்பாவின் மேல் வைத்தவனே அவன்தான்.

தொட்டில் கம்பை மறுபடி பரணிலேயே வைத்தாயிற்று.

அக்டோபர் 22

என் சிரிப்புக் கொள்கைக்கு அடி விழுந்திருக்கிறது. அண்ணா நகரிலிருந்து ஒரு தோழி எழுதினாள்: "ஐந்தாம் பாகத்தில் பெட்டூனியா சொல்கிற வசனத்தில் என்ன சிரிப்பு இருக்கிறது?"

நியாயம். டிமென்டர்கள் (மந்திரவாதிகளின் சிறைக் காவல் பிசாசுகள்) என்றால் என்ன என்று மந்திரமே பிடிக்காத பெரியம்மா பெட்டூனியா திடீரென்று சரியாகச் சொல்லிவிடுவாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்தக் கேடுகெட்ட பையன் அவளிடம் (தங்கையிடம், அதாவது ஹாரியின் அம்மாவிடம்) சொல்லும்போது கேட்டேன், ரொம்ப வருடம் முன்னால் என்பாள். என் அப்பா அம்மாவைச் சொல்வதென்றால் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள் என்று ஹாரி சீறுவான். நாமும் அவனோடு சேர்ந்து, அந்தப் பையன் அவன் அப்பாதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இல்லை, பின்னால் ஹாரிக்கே வாத்தியாராக வருகிற ஸ்னேப். மரத்தின் மறைவில் நின்று அவள் கேட்ட பேச்சு ஏழாம் பாகத்தில்தான் வருகிறது.

இங்கே மூடியது சிரிப்பு இல்லை, ஹாரியின் கோபம். அதற்கும் மேல், பெட்டூனியாவுக்கு இது தெரியும் என்பதே பெரிய அதிர்ச்சி, அந்த அதிர்ச்சியில் சின்னச் சொல் அமுங்கிப்போகிறது. ஜேப்படிக்காரன் தோளில் தட்டிவிட்டுப் பையில் கை வைப்பான் அல்லவா, அது மாதிரி.

சரி, கொள்கையைத் திருத்திக்கொள்கிறேன். சிரிப்போ கோபமோ, கண்ணை அந்தப் பக்கம் திருப்ப ஏதோ ஒன்று.

அக்டோபர் 26, ஞாயிறு

என் இருபது வருடச் சாதனை ஒன்று இன்று மதியம் அடக்கம் செய்யப்பட்டது.

நான்காம் பாகத்து மயானக் காட்சியில் இரண்டு மந்திரக்கோல்களும் பின்னிக்கொள்ள, வால்டமோர்ட் கொன்றவர்களின் நிழல்கள் அவன் கோலிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். கடைசியாகக் கொன்றவர் முதலில், அதற்கு முந்தியவர் அடுத்து, அப்படியே பின்னோக்கி. என் பிரதி லஸ் நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது. அதில் ஹாரியின் அப்பா முதலில் வருவார், பிறகுதான் அம்மா. அப்படியானால் அம்மா முதலில் இறந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் பாகத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று அப்பா கத்துவது ஹாரிக்குக் கேட்கிறதே? அப்பாதானே முதலில் தடுத்து நின்றார்?

இந்த முரணை வைத்துக் கல்லூரியில் நான் கட்டிய கோட்டை கொஞ்ச நஞ்சமல்ல. அந்த இரவில் மூன்றாவது ஆள் ஒருவர் வீட்டில் இருந்தார், அப்பா உண்மையில் அப்போது சாகவில்லை, வந்த நிழல் அப்பாவே அல்ல என்று நாற்பது பக்க நோட்டில் மூன்று கலர் பேனாவில் எழுதி வைத்திருந்தேன். 2007 ஜூலை 21, ஏழாம் பாகம் வந்த அன்று, லண்டன் நள்ளிரவு என்றால் நமக்கு அதிகாலை நாலரை, தூக்கம் இல்லாமல் நுங்கம்பாக்கத்தில் ஒரு கடை வாசல் வரிசையில் நின்றதே இதற்கு விடை தெரிந்துகொள்ளத்தான். விடை வரவில்லை. மிச்சம் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இன்று அக்கா மகள் தன் புதுப் பிரதியைக் கொண்டுவந்தாள். அதே காட்சி. அம்மா முதலில் வருகிறார், பிறகு அப்பா.

ஆரம்பப் பதிப்புகளில் இருந்த பிழை, பின்னால் வந்த அச்சுகளில் திருத்திவிட்டார்கள். இவ்வளவுதான் விஷயம். இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "சித்தி, நீங்க பிழைய போய் துப்புன்னு நினைச்சீங்களா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அக்டோபர் 27

நேற்றைய விஷயம் ராத்திரி தூங்கவிடவில்லை. எலியும் வண்டும் துப்பு, நிழல் வரிசை பிழை என்று படிக்கிறவள் எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்த வரையில் ஒரே வித்தியாசம், உண்மையான துப்பு திரும்பத் திரும்ப வரும். பம்பரம் மூன்று தடவை, வண்டு குறைந்தது இரண்டு தடவை, ஆட்டு வாடை ஆட்டுக்குப் பிறகு. நிழல் ஒரே ஒரு தடவைதான். ஆனால் மோட்டார் சைக்கிளும் அந்தப் பக்கத்தில் ஒரே தடவைதான் பெயரோடு வருகிறது, அதனால் இதுவும் முழுசாக நிற்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு, மழை

கேபிள் இல்லை, கதை மட்டும். அதனால் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா எலியைச் சட்டென்று பிடித்தது எப்படி என்று கேட்டேன். "வாரா வாரம் தொடர்கதை படிச்சவங்கடி நாங்க, நடுவுல ஏழு நாள் இருக்கு, வேற என்ன வேலை, யோசிக்கறதுதான்" என்றார். என் பாட்டி 'பொன்னியின் செல்வ'னைக் கல்கியிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்திருந்தார். அலமாரியில் இன்னும் இருக்கிறது, சில பக்கங்களின் பின்னால் பாதி அறுந்த துணுக்கும் தைல விளம்பரமும்.

மறுவாசிப்பில் அடப்பாவி என்று சொல்ல வைப்பதில் அதற்கு ஈடு ஏது? தஞ்சாவூருக்கு வருகிற வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் கொடுக்கிற பூத்தொடுக்கும் பையன் சேந்தன் அமுதன். சாது. தேவாரம் பாடுவான், வாய் பேச முடியாத அம்மா, கோயிலுக்குப் பூமாலை. கதையில் எல்லோரும் சிம்மாசனத்துக்குச் சண்டை போடும்போது இவன் ஓரமாகப் பூக்கூடையோடு நிற்பான். அந்தப் பையன்தான் உண்மையான மதுராந்தகன் என்று ஐந்தாம் பாகத்தில் தெரியும்போது (70 வருடம் ஆகிவிட்டது, மன்னிப்புக் கேட்கப் போவதில்லை), முதல் பாகத்தைத் திருப்பினால் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. சிவபக்தியில் ஊறிய கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை, அரண்மனையில் பட்டத்துக்கு ஏங்குகிறவனா, கோயிலில் தேவாரம் பாடுகிறவனா?

இதில் மூடியது எது என்று பார்த்தால் சரித்திரம். ராஜராஜனுக்கு முன்னால் மதுராந்தக உத்தம சோழன் ஆண்டான் என்பது பள்ளிக்கூடப் பாடம். 985-இல்தான் ராஜராஜன் பட்டம். அதனால் பாடம் படித்தவன் எல்லாம் தெரிந்த தெனாவட்டில் படிப்பான், மதுராந்தகனுக்குத்தானே பட்டம், போகட்டும் என்று. பட்டம் மதுராந்தகனுக்குத்தான், ஆனால் நீ நினைத்துக்கொண்டிருந்த மதுராந்தகனுக்கு இல்லை என்று கல்கி ஆளை மாற்றி வைத்துவிட்டார். பெயரும் சரி, வருடமும் சரி, ஆள் வேறு!

1950-இலிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதியது. முன்னால் அச்சானதைத் திருத்த முடியாது, பரணில் என்ன கிடக்கிறதோ அதை வைத்துத்தான் கல்யாணம் முடிக்க வேண்டும். அந்த மூடுபல்லக்கு நினைவிருக்கிறதா? உள்ளே நந்தினி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பார்த்தால் மதுராந்தகன். சரி, போதும். அம்மா மூன்றாம் பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 4

சின்னது. ஆறாம் பாகத்தின் கடைசியில், வால்டமோர்ட்டின் இன்னொரு உயிர்த்துண்டு இருக்கிற லாக்கெட்டுக்குப் பதிலாகக் கிடைக்கிற போலி லாக்கெட்டில் ஆர்.ஏ.பி. என்று கையெழுத்து இருக்கும். யார் அந்த ஆர்.ஏ.பி. என்று 2005-இலிருந்து 2007 வரை உலகமே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. சிரியஸின் தம்பி ரெகுலஸ் பிளாக்தான் என்று ரசிகர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள், காரணம் மொழிபெயர்ப்புகள். டச்சில் பிளாக் குடும்பத்துக்கு ஸ்வார்ட்ஸ் (Zwarts) என்று பெயர், அங்கே லாக்கெட்டில் ஆர்.ஏ.இசட். என்று வந்தது. நார்வேக்காரர்களுக்கு ஸ்வார்ட், அங்கே ஆர்.ஏ.எஸ். கடைசி எழுத்து குடும்பப் பெயரோடு சேர்ந்து மாறினால் வேறு யாராக இருக்க முடியும்?

நம் ஊர்ப் பள்ளியில் சேர்ந்திருந்தால் அப்பா ஓரியன் பெயரைப் போட்டு ஓ. ரெகுலஸ் என்று பதிந்திருப்பார்கள். துப்பு கிடையாது, மர்மம் கிடையாது, ரேஷன் கார்டில் பெயர் திருத்த அலைச்சல் மட்டும் இருந்திருக்கும்.

நவம்பர் 9

அக்கா மகள் நான்காம் பாகம் முடித்தாள். ஒரே ஒரு கேள்வி: "வால்டமோர்ட் என் ரத்தத்தை எடுத்துட்டான்னு ஹாரி சொல்லும்போது டம்பிள்டோர் கண்ணுல ஒரு நிமிஷம் ஜெயிச்ச மாதிரி பளிச்சுனு வருதே, ஏன் சித்தி?"

இது சிரிப்புக்கு அடியிலும் இல்லை, கோபத்துக்கு அடியிலும் இல்லை. நேராகக் கண்ணில் வைத்துக் காட்டுகிறார் ஆசிரியர், பதில் மூன்று பாகம் தள்ளி. என் கொள்கைகள் எதிலும் இது அடங்கவில்லை. படி, தெரியும் என்று மட்டும் சொன்னேன். 2000-இலிருந்து 2007 வரை உலகம் காத்திருந்தது, இவள் தை மாதத்துக்குள் தெரிந்துகொண்டுவிடுவாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ஐந்தாம் பாகம். இன்று மதியம் அந்த இடம். சிரியஸின் பழைய வீட்டை எல்லோரும் சேர்ந்து ஒழிக்கிற அத்தியாயம். கண்ணாடி அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைப் பையில் போடுவார்கள். அந்தப் பட்டியலின் நடுவில், யாராலும் திறக்க முடியாத ஒரு கனமான லாக்கெட் என்று வரும். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஆறாம் பாகமும் ஏழாம் பாகமும் எந்த லாக்கெட்டுக்காக ஓடுகின்றனவோ அது. இங்கே மூடியிருப்பது பட்டியல், படிக்கிறவர்களின் அலுப்பு.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார், நான் பக்கத்தில் துணி மடிக்கிறேன், அக்கா மகள் சொல்லிக்கொண்டு வருகிறாள். "அப்புறம் எல்லாரும் சேர்ந்து வீட்ட கிளீன் பண்ணாங்க ஆயா. ஏதேதோ பழைய சாமான் எல்லாம் தூக்கிப் போட்டாங்க. அதுக்கப்புறம்…"

போயே போயிற்று! அச்சில் இருந்த ஒரு வரியும் சொல்லும்போது காணாமல் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, தலையணை உறையை நாலாவது தடவை மடித்தேன்.

"இரு இரு" என்றார் அம்மா. "என்னென்ன சாமான்?"

"சும்மா பழைய சாமான் ஆயா."

"பழைய சாமான்னா? ஒவ்வொண்ணா சொல்லு."

அவள் அலுத்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்பி விரலை வைத்து வரி வரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் ஒரு வெள்ளிப் பெட்டி. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.